தேர்வுக் கட்டணத்தில் எழுந்த பல்கலைக்கழகம்: கல்கத்தா, 1904–1923 – ஒரு நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றியது

இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது கல்கத்தாப் பல்கலைக்கழகம் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் ஓர் அலுவலகமாகவே இருந்தது. 1917-க்குள் அது தனக்கென முதுகலை வகுப்புகளும் அறிவியல் கல்லூரியும் ஆய்வுக்கூடங்களும் உடைய கற்பிக்கும் நிறுவனமாகிவிட்டது. 1922-இல் அதே பல்கலைக்கழகம் ஆசிரியர்களுக்கு மாதச் சம்பளம் கொடுக்க வழியின்றி நின்றது. வளர்ச்சி, நெருக்கடி இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். பணம் எங்கிருந்து வந்தது, அந்தப் பணத்தோடு என்னென்ன நிபந்தனைகள் ஒட்டிக்கொண்டு வந்தன என்பதே அந்த வேர். இன்று பல்கலைக்கழக நிர்வாகத்தில் இருப்பவர்களும், செனட் என்னும் பேரவையிலும் சிண்டிகேட் என்னும் ஆட்சிக்குழுவிலும் உட்கார்ந்திருப்பவர்களும் இந்த இருபதாண்டுக் கதையை வரவு–செலவுக் கணக்கின் பக்கமிருந்து படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

துணைவேந்தர், கொடையாளர்கள், சில பேராசிரியர்கள் ஆகியோரின் பெயர்கள் அறக்கட்டளைகளோடும் இருக்கைகள் எனப்படும் பேராசிரியர் பதவிகளோடும் பிணைந்துவிட்டதால் அவற்றைச் சொல்லியிருக்கிறேன். மற்றவர்களைப் பெரும்பாலும் பதவியால் மட்டுமே குறிப்பிடுகிறேன்.

பின்னணி: 1857 முதல் 1904 வரை

1857 ஜனவரி 24 அன்று சட்டத்தின் வழியே இந்தப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. அன்றைய லண்டன் பல்கலைக்கழகமே இதற்கு முன்மாதிரி. அதாவது, பாடம் நடத்துவது கல்லூரிகளின் வேலை. பாடத்திட்டம் வகுப்பதும் தேர்வு வைப்பதும் பட்டம் கொடுப்பதும் பல்கலைக்கழகத்தின் வேலை. அதன் ஆட்சிப் பரப்பு மிகப் பெரியது. வங்காளம், பீகார், ஒரிசா, அசாம், பர்மா என விரிந்து கிடந்தது. கடல் கடந்து யாழ்ப்பாணக் கல்லூரிகூட 1891-இல் இதனோடு இணைப்புப் பெற்றது. பல்கலைக்கழகத்தின் முதன்மையான வருவாய், இந்தப் பரப்பெங்கும் மெட்ரிகுலேஷன் தொடங்கிப் பட்டத் தேர்வு வரை எழுதியவர்கள் கட்டிய கட்டணம்.

செனட் உறுப்பினர்கள் ஆயுள் முழுதும் பதவியில் இருந்தார்கள். கல்வியோடு தொடர்பு இருந்தோ இல்லாமலோ கௌரவத்துக்காக நியமிக்கப்பட்டவர்கள் அதில் பலர். இதைச் சீர்செய்ய வேண்டும் என்பதில் அன்று யாருக்கும் மாற்றுக் கருத்து இருந்ததாகத் தெரியவில்லை. யார் சீர்செய்வது, எந்த நோக்கத்தோடு என்பதில்தான் சண்டை மூண்டது. வைஸ்ராய் கர்சன் 1901-இல் சிம்லாவில் கல்வி மாநாடு கூட்டினார். அதில் இந்தியர் ஒருவருக்கும் இடமில்லை. 1902-இல் பல்கலைக்கழகங்களை ஆராய ஆணையம் அமைந்தது. அதன் உறுப்பினரான கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதி குருதாஸ் பானர்ஜி மாறுபட்ட கருத்தைத் தனியே எழுதிக் கொடுத்தார். 1904-இல் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம் நிறைவேறியது.

சட்டத்தின் இறுக்கம் வெளிப்படையானது. செனட்டில் சாதாரண உறுப்பினர்கள் 50-க்குக் குறையாமலும் 100-க்கு மிகாமலும் இருக்க வேண்டும். தேர்ந்தெடுக்கப்படுவோர் 20 பேர்தான். எஞ்சியவர்களில் மிகப் பெரும்பாலோரை வேந்தர் நியமிப்பார். கல்கத்தாவைப் பொறுத்தவரை வேந்தர் என்றால் வைஸ்ராயே. விதிமுறைகளைத் திருத்தவும், உரிய காலத்தில் வராவிட்டால் தானே எழுதிக்கொள்ளவும் அரசுக்கு அதிகாரம் இருந்தது. கல்லூரிகளுக்கு இணைப்புக் கொடுப்பதும் பறிப்பதும் முடிவில் அரசின் கையில்.

ஆனால் அதே சட்டத்தின் மூன்றாவது பிரிவு வேறொன்றைச் சொன்னது. மாணவர்களுக்குக் கற்பிக்க ஏற்பாடு செய்யவும், பேராசிரியர்களையும் விரிவுரையாளர்களையும் நியமிக்கவும், அறக்கட்டளைகளைப் பெற்று நிர்வகிக்கவும், நூலகமும் ஆய்வுக்கூடமும் அமைக்கவும் பல்கலைக்கழகத்துக்கு அது உரிமை தந்தது. அந்தச் சட்டத்தை எதிர்த்தவர்களில் பலர் இந்தப் பிரிவுக்குப் பெரிய மதிப்புக் கொடுக்கவில்லை. பணம் இல்லாத இடத்தில் உரிமை இருந்து என்ன பயன் என்று நினைத்திருக்கக்கூடும். பின்னால் நடந்த அத்தனையும் இந்த ஒரு பிரிவிலிருந்து முளைத்தவை.

1906: பொறுப்பேற்றபோது இருந்த நிலை

1906 மார்ச் இறுதியில் அசுதோஷ் முகர்ஜி துணைவேந்தரானார். கணிதத்தில் ஆய்வு செய்தவர். 1904 முதல் உயர்நீதிமன்ற நீதிபதி. கர்சனின் மசோதா மத்தியச் சட்டமன்றத்தில் வந்தபோது அதைக் குறைகூறிப் பேசியவர்களில் ஒருவர். துணைவேந்தர் பதவிக்கு அன்று சம்பளம் கிடையாது. பகலில் நீதிமன்றம், மற்ற நேரமெல்லாம் பல்கலைக்கழகம் என்று அவர் வேலை செய்தார். இது அவருடைய பெருமையாகவே எப்போதும் சொல்லப்படுகிறது. ஒரு மனிதரின் ஓய்வு நேரத்தின்மேல் ஒரு பல்கலைக்கழகத்தின் நிர்வாகம் நின்றது என்றும் அதைப் படிக்கலாம்.

ஊர் கொந்தளித்துக்கொண்டிருந்தது. 1905 அக்டோபரில் வங்காளம் துண்டாடப்பட்டிருந்தது. அரசின் கல்வியைப் புறக்கணிக்கும் இயக்கம் வளர்ந்து, 1906 மார்ச்சில் தேசியக் கல்விக் கழகம் தோன்றியது. அன்றைய செனட் மண்டபத்துக்கு எதிரே கோல்திகி என்னும் குளம் இருந்தது. ‘கோல்திகியின் அடிமைக்கூடம்’ என்று பல்கலைக்கழகத்தை மக்கள் ஏசினார்கள். மறுபக்கம் அரசு, மாணவர்களை அடக்கும் கருவியாக அதே பல்கலைக்கழகத்தைப் பயன்படுத்தப் பார்த்தது. சிராஜ்கஞ்சில் இரண்டு பள்ளிகளின் மாணவர்கள் கிளர்ச்சியில் இறங்கியதற்காக அந்தப் பள்ளிகளின் அங்கீகாரத்தைப் பறிக்க வேண்டும் என்று கிழக்கு வங்காளத்தின் துணை ஆளுநர் பல்கலைக்கழகத்தை வற்புறுத்தினார். விவகாரம் செனட்டில் வெடித்தால் தலைவலி என்று கருதிய இந்திய அரசு, கோரிக்கையைத் திரும்பப் பெறச் சொன்னது. மறுத்த துணை ஆளுநர் 1906 ஆகஸ்டில் பதவி விலகினார். நியமன உறுப்பினர்கள் நிறைந்த செனட்டுக்கும் அரசை அஞ்சவைக்கும் வலிமை உண்டு என்பது அந்த ஆண்டே தெரிந்துவிட்டது.

முதல் முடிவுகள்: 1906–1912

துணைவேந்தர் எடுத்த முதல் முடிவு, சட்டத்துக்கு வெளியே போகாமல் அதன் உள்ளிருந்தே கட்டுவது. தேசியக் கல்விக் கழகத்தினருக்கு இது சரணாகதியாகத் தோன்றியது. அவர் பார்வை வேறு: பட்டத்துக்கு வேலைவாய்ப்பில் மதிப்பு இருக்கும்வரை மாணவர்கள் இங்குதான் வருவார்கள், அவர்கள் வரும் இடத்தில்தான் நல்ல கல்வி இருக்க வேண்டும்.

புதிய விதிமுறைகளை எழுதும் பொறுப்பு அவர் தலைமையிலான குழுவிடம் வந்தது. 1906-க்குள் அவை நடைமுறைக்கு வந்தன. 1909-இல் பல்கலைக்கழகமே நேரடியாக நடத்தும் சட்டக் கல்லூரி தொடங்கியது. தர்பங்கா மகாராஜா நூலகத்துக்கென 1908-இல் இரண்டரை லட்சம் ரூபாய் கொடுத்தார். அதில் எழுந்ததுதான் தர்பங்கா கட்டடம். பொருளாதாரத்துக்கு மிண்டோ இருக்கை, தத்துவத்துக்கு ஐந்தாம் ஜார்ஜ் இருக்கை, பண்டைய இந்திய வரலாற்றுக்குக் கார்மைக்கேல் இருக்கை, உயர் கணிதத்துக்கு ஹார்டிஞ்ச் இருக்கை என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பெயர்களைக் கவனியுங்கள். வைஸ்ராய், ஆளுநர், அரசர் ஆகியோரின் பெயரைச் சூட்டிய இருக்கைக்கு ஒப்புதல் மறுப்பது ஆட்சியாளர்களுக்கு எளிதல்ல. இதை வெறும் முகத்துதியாக நான் கருதவில்லை.

இவற்றுக்கெல்லாம் அன்றாடச் செலவைத் தாங்கியது பெரும்பாலும் தேர்வுக் கட்டணம்தான். இந்தக் காலத்தில் தேர்வு எழுதுவோர் தொகையும் தேறுவோர் விழுக்காடும் உயர்ந்தன. பட்டத்தை மலிவாக்கிவிட்டார் என்ற குற்றச்சாட்டு அப்போது எழுந்தது. கடைசிவரை அவரை விட்டு அகலவும் இல்லை. அதில் ஓரளவு உண்மை உண்டு என்றே நினைக்கிறேன். ஆனால் அவர் அதை வெளிப்படையாகவே செய்தார். சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு உயர்கல்வியின் வாசலை அகலத் திறப்பதும், அவர்கள் கட்டும் பணத்தில் உச்சியில் ஆய்வை வளர்ப்பதும் அவருடைய கணக்கில் ஒன்றையொன்று தாங்கும் இரு தூண்கள்.

கொடைப் பத்திரங்கள்: 1912–1914

கதையின் மையம் இதுதான். சற்று நிதானமாகப் பார்க்கலாம்.

1912-இல் பாரிஸ்டர் தாரக்நாத் பாலித், நிலமும் பணமுமாக ஏறத்தாழ 15 லட்சம் ரூபாய் மதிப்புள்ள கொடையை இரண்டு தவணையில் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தார். முன்பு சுதேசி இயக்கத்தின் தொழில்நுட்பக் கல்விக்குத் துணை நின்றவர் அவர். அடுத்த ஆண்டு வழக்கறிஞர் ராஷ்பிகாரி கோஷ் 10 லட்சம் கொடுத்தார். 1919-இல் மேலும் பதினொரு லட்சத்துக்கு மேல் கொடுத்தார். வழக்காடிச் சேர்த்த சொத்து முழுவதையும் இப்படி அறிவியலுக்கு எழுதிவைப்பது அன்றைய இந்தியாவில் கேள்விப்படாத செய்தி.

இருவருமே சட்டம் அறிந்தவர்கள். பத்திரத்தில் ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டு வைத்தார்கள். பாலித் பத்திரத்தின்படி இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஓர் இருக்கை வீதம் ஏற்பட வேண்டும்; அவற்றில் அமர்பவர் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்த இந்தியராக இருக்க வேண்டும். கோஷ் நிறுவிய இருக்கைகளும் இந்தியருக்கே. அரசுக் கல்லூரிகளில் உயர்ந்த கல்விப் பணி ஐரோப்பியருக்கென்றே ஒதுங்கியிருந்த காலம் அது. இந்திய ஆசிரியர் எவ்வளவு திறமை உடையவராக இருந்தாலும் கீழ்நிலைப் பணியில், குறைந்த சம்பளத்தில்தான் இருக்க முடியும். சட்டமன்றத்தில் பேசி மாற்ற முடியாத அந்தப் பாகுபாட்டை ஒரு கொடைப் பத்திரத்தின் ஒரு வரி அந்த வளாகத்துக்குள் தலைகீழாக்கியது. நன்கொடையின் நிபந்தனை நிறுவனத்தைக் கட்டிப்போடும் என்றுதான் பொதுவாக எச்சரிக்கிறோம். இங்கே அது கட்டை அவிழ்த்தது.

ஆனால் பத்திரத்தில் இன்னொரு நிபந்தனையும் இருந்தது. வகுப்பறை, ஆய்வுக்கூடம், நூலகம், கருவிகள் ஆகியவற்றைப் பல்கலைக்கழகம் தன் சொந்தப் பணத்தில் செய்து தர வேண்டும். கொடை பேராசிரியரைத் தரும். அவர் வேலை செய்யும் இடத்தைப் பல்கலைக்கழகம் தர வேண்டும். அந்தச் செலவுக்கு இந்திய அரசிடம் மானியம் கேட்டார்கள். அரசு மறுத்துவிட்டது. மறுத்த காரணத்தை எப்படிச் சொன்னாலும், இந்தியர் மட்டும் என்ற வரி ஆட்சியாளர்களுக்கு இனித்திருக்காது என்று ஊகிப்பது கடினமல்ல.

இந்த இடத்தில் முடிவெடுக்க வேண்டியிருந்தது. மானியம் வரும்வரை காத்திருக்கலாம். அல்லது தேர்வுக் கட்டணத்திலிருந்து சேர்ந்த கையிருப்பை எடுத்துக் கட்டத் தொடங்கலாம். துணைவேந்தர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். 1914 மார்ச் 27 அன்று, மேல் வட்டச் சாலை 92-ஆம் எண் மனையில், பாலித் கொடுத்த நிலத்தில், அறிவியல் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அவருடைய நான்காவது பதவிக்காலம் முடிய அப்போது ஒரு வாரம்கூட இல்லை. அடுத்து வருபவர் பின்வாங்க முடியாதபடி கல்லை ஊன்றிவிட்டுப் போனார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இடையில் ஒரு தடை: 1913

மூன்று பேரைப் பல்கலைக்கழக விரிவுரையாளர்களாக செனட் தேர்ந்தெடுத்தது. மூவரும் படிப்பில் தேர்ந்தவர்கள். அரசியலில் ஈடுபட்டவர்கள் என்று காரணம் காட்டி, அந்த நியமனங்களுக்கு இந்திய அரசு ஒப்புதல் மறுத்தது. எதிர்ப்பு எழுந்தது, முடிவு மாறவில்லை. விதிமுறைப்படி விரிவுரையாளர் நியமனத்துக்கு அரசின் ஒப்புதல் தேவை என்பதால், செய்ய ஒன்றும் இல்லாமல் போயிற்று. துணைவேந்தரின் பின்னாளைய கடுமையைப் புரிந்துகொள்ள இந்த நிகழ்ச்சி வேண்டும். ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியை அவர் அதன்பின் ஒரு நாளும் கைவிடவில்லை.

போரின் நடுவே ஓர் ஆய்வுக்கூடம்: 1914–1917

அடிக்கல் நாட்டிய சில மாதங்களில் ஐரோப்பாவில் போர் வெடித்தது. கருவிகள் வர வழியில்லை. பயிற்சிக்கென ஜெர்மனி சென்றிருந்த கோஷ் பேராசிரியர்கள் இருவர், இயற்பியலாளர் தேவேந்திர மோகன் போஸும் தாவரவியலாளர் அகர்கரும், அங்கேயே சிக்கிக்கொண்டார்கள். பாலித் இயற்பியல் இருக்கைக்குத் தேர்வானவரோ இந்திய நிதித்துறையில் அதிகாரி. திருச்சிராப்பள்ளியில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சி.வி. ராமன் அவர். பகல் முழுதும் அரசுக் கணக்கு. அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் பௌபஜார் தெரு 210-ஆம் எண்ணில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் சோதனை. 1907 முதல் அவர் வாழ்க்கை பெரும்பாலும் இப்படித்தான் ஓடியது.

அவரை நியமிப்பதில் ஒரு சிக்கல் வந்தது. இருக்கையின் விதிப்படி பேராசிரியர் வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும், இல்லையெனில் போய்ப் பெற்று வர வேண்டும். ராமன் போக மறுத்தார். கற்றுக்கொள்ள வேண்டியதை இங்கேயே கற்றுக்கொண்டிருக்கிறோம் என்பது அவருடைய உறுதி. அசுதோஷ் முகர்ஜி ஆளை மாற்றவில்லை; நிபந்தனையைத் தளர்த்த வழி செய்தார். ராமன் உயர்ந்த சம்பளத்தையும் அரசுப் பணியின் உறுதிப்பாட்டையும் விட்டுவிட்டு 1917-இல் இருக்கையில் அமர்ந்தார். பேராசிரியர் பதவியில் கிடைத்த சம்பளம் முன்னதைவிட மிகக் குறைவு. பணம் குறைந்த ஒரு பல்கலைக்கழகம் நல்ல ஆளை ஈர்க்க முடிந்தது எதனால் என்று கேட்டால், அவர் விரும்பிய வேலைக்கு முழு நேரத்தையும் கொடுத்தது என்பதே விடை.

இன்னொரு காட்சி. எம்.எஸ்ஸி. முடித்த இளைஞர்கள் சிலர் துணைவேந்தராக இருந்தவரைப் பார்க்கப் போனார்கள். சத்யேந்திரநாத் போஸும் மேகநாத் சாகாவும் அவர்களில் அடக்கம். புதிய இயற்பியலையும் புதிய கணிதத்தையும் பாடமாக வைக்க வேண்டும் என்று கேட்டார்கள். உங்களால் நடத்த முடியுமா என்று திருப்பிக் கேட்டார் அவர். முயல்கிறோம் என்றார்கள். படித்துத் தயாராகும் காலத்துக்கு உதவித்தொகை கிடைத்தது. கல்கத்தாவில் அப்போது புதிய ஜெர்மன் நூல்கள் கிடைப்பது அரிது. சிப்பூர் பொறியியல் கல்லூரியில் இருந்த ஒரு ஜெர்மானியப் பேராசிரியரின் சொந்த அலமாரியிலிருந்து நூல்களை இரவல் வாங்கி, மொழியையும் கற்றுக்கொண்டு, தாங்கள் படித்துக்கொண்டே மாணவர்களுக்கும் நடத்தினார்கள். சார்பியல் பற்றிய ஐன்ஸ்டைன், மின்கோவ்ஸ்கி கட்டுரைகளை இருவரும் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, பல்கலைக்கழகமே அதை 1920-இல் வெளியிட்டது. அனுபவச் சான்றிதழ் கேட்டிருந்தால் இவர்கள் யாருக்கும் இடம் கிடைத்திருக்காது.

1917: கற்பிப்பவர்கள் கையில் நிர்வாகம்

முன்னாள் துணைவேந்தரின் தலைமையில் 1916-இல் அமைந்த குழுவின் பரிந்துரைப்படி, கல்கத்தா நகரின் முதுகலைக் கல்வி முழுவதும் 1917-இல் பல்கலைக்கழகத்தின் நேரடிப் பொறுப்புக்கு வந்தது. கலைக்கு ஒன்று, அறிவியலுக்கு ஒன்று என இரண்டு மன்றங்கள். அவற்றில் பெரும்பான்மையாக உட்கார்ந்தவர்கள் பாடம் நடத்தும் ஆசிரியர்களே. பாடத்திட்டமும் நியமனப் பரிந்துரையும் அங்கிருந்து புறப்படும். வேந்தர் நியமித்த உறுப்பினர்கள் நிறைந்த செனட் மேலே அப்படியே இருக்க, அதற்குக் கீழே ஆசிரியர்களின் தன்னாட்சி ஒன்று உருவாயிற்று. சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. நிர்வாக நுட்பம் என்ற வகையில் இந்த இருபதாண்டில் நடந்தவற்றுள் மிகச் சிறந்தது இது என்பேன். 1919-இல் வங்காளி உள்ளிட்ட இந்திய மொழிகளில் எம்.ஏ. படிப்பு வந்தது. தாய்மொழியை முதுகலையில் படிக்கலாம் என்பதே அன்று புதுமை.

அதே ஆண்டுகளில், மைக்கேல் சாட்லர் தலைமையில் அரசு அமைத்த சாட்லர் ஆணையம் இந்தப் பல்கலைக்கழகத்தை ஆராய்ந்தது. 1919-இல் வெளிவந்த அதன் அறிக்கை 13 தொகுதிகள். ஏறக்குறைய 26,000 மாணவர்களைக் கொண்ட இந்தப் பல்கலைக்கழகம் தன் நிர்வாகத்தால் தாங்க முடியாத அளவுக்குப் பெருத்துவிட்டது என்றது ஆணையம். மெட்ரிகுலேஷனையும் இன்டர்மீடியட்டையும் பிரித்துத் தனி வாரியத்திடம் கொடுக்கவும், முழுநேரச் சம்பளத் துணைவேந்தரை நியமிக்கவும், டாக்காவில் தனிப் பல்கலைக்கழகம் அமைக்கவும் சொன்னது. கல்வி நோக்கில் இவை நல்ல யோசனைகள். கணக்கு நோக்கில் முதல் யோசனை மரண அடி. தேர்வுக் கட்டணத்தைப் பிரித்து எடுத்துவிட்டால் முதுகலை மன்றங்களுக்குச் சோறு போடுவது யார்? ஆணையம் அரசு பெருமளவில் மானியம் தரும் என்று எண்ணிப் பரிந்துரைத்தது. அந்த மானியம் வரவில்லை.

வருவாய் சுருங்குகிறது: 1917–1922

அடிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. 1917-இல் பாட்னா பல்கலைக்கழகம் தோன்றி பீகாரும் ஒரிசாவும் பிரிந்தன. 1920-இல் ரங்கூன் பல்கலைக்கழகம் வர, பர்மா போயிற்று. 1921 ஜூலையில் டாக்கா திறந்தது. போரால் விலைவாசி ஏறியிருந்தது. ஒத்துழையாமை இயக்கத்தில் மாணவர்கள் வகுப்பையும் தேர்வையும் விட்டு வெளியேறினார்கள். தேர்வு எழுதுவோர் குறைந்ததும் கல்லாப்பெட்டி காலியாயிற்று. செலவோ மாதாமாதம் வரும் சம்பளச் செலவு. அதைக் குறைக்க வேண்டுமானால் ஆட்களை வெளியே அனுப்ப வேண்டும்.

1921-இல் அசுதோஷ் முகர்ஜி மீண்டும் துணைவேந்தரானார். அந்த நெருக்கடியிலும் நியமனங்கள் நிற்கவில்லை. கைரா அறக்கட்டளை இருக்கைகள் நிரம்பின. திருத்தணியில் பிறந்து சென்னையிலும் மைசூரிலும் கற்பித்த எஸ். ராதாகிருஷ்ணன் ஐந்தாம் ஜார்ஜ் இருக்கைக்கு வந்தார். ஆட்சி அமைப்பும் மாறியிருந்தது. மாகாணத் துறைகளை ஆளுநரும் இந்திய அமைச்சர்களும் பங்கிட்டுக்கொண்ட இரட்டை ஆட்சி முறையில் கல்வி இப்போது இந்திய அமைச்சர் ஒருவரின் பொறுப்பு. வேந்தர் பதவி வைஸ்ராயிடமிருந்து வங்காள ஆளுநரிடம் வந்துவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்தது இனி தொலைவிலிருக்கும் இந்திய அரசு அல்ல. அதே ஊரின் அமைச்சரும் அதே ஊரின் சட்டமன்றமும்.

இரண்டரை லட்சமும் நிபந்தனைகளும்: 1922

சம்பள பாக்கி ஏறிக்கொண்டே போக, பல்கலைக்கழகம் அரசிடம் உதவி கேட்டது. யோசனையில்லாமல் விரிவுபடுத்தியதன் விளைவு இது என்று அமைச்சர் கடிந்துகொண்டார். கணக்குகளைப் பார்வையிடத் தலைமைக் கணக்காயர் அனுப்பப்பட்டார். ஒழுங்கின்மைகளைச் சுட்டி அறிக்கை வந்தது. அதன்பின் இரண்டரை லட்சம் ரூபாய் மானியம் தருவதாக அரசு எழுதியது, எட்டு நிபந்தனைகளோடு. நிதிநிலை சீராகும்வரை புதிய செலவு வைக்கும் விரிவாக்கம் எதுவும் கூடாது. வரவு–செலவுக் கணக்கை மாதந்தோறும் அரசுக்கு அனுப்ப வேண்டும் என்பவை அவற்றில் முக்கியமானவை.

இன்றைய கண்ணுக்கு இவை சாதாரண நிபந்தனைகளாகத் தெரியும். பொதுப்பணம் கொடுப்பவர் கணக்குக் கேட்பதில் தவறில்லை. சட்டமன்றத்துக்கும் மக்களிடம் பொறுப்பு உண்டு. இந்த இடத்தில் அரசின் பக்க நியாயத்தை மறைத்துவிட்டு எழுதுவது நேர்மையாகாது. ஆனால் விரிவாக்கம் கூடாது என்ற சொல்லின் பொருள், எந்தப் பாடத்தை யார் நடத்துவது என்பதை இனி அரசு முடிவுசெய்யும் என்பதுதான். 1913-ஐ மறக்காத ஒருவருக்கு அது வேறு எப்படியும் கேட்டிருக்காது.

1922 டிசம்பர் 2 அன்று செனட் கூடியது. ஆசிரியர்கள் பட்டினி கிடந்தாலும் உரிமையை விற்க மாட்டார்கள், வங்காளம் முழுவதும் வீடு வீடாகப் போய்க் கையேந்துவோம் என்று துணைவேந்தர் பேசினார். முதலும் சுதந்திரம், இரண்டாவதும் சுதந்திரம், எப்போதும் சுதந்திரம் என்ற அவருடைய புகழ்பெற்ற சொற்கள் அங்கே பிறந்தவை. நிபந்தனைகளோடு வந்த பணம் ஏற்கப்படவில்லை. அந்தக் கூட்டத்தின் பேச்சை எத்தனை முறை படித்தாலும் மனம் நிமிர்கிறது. அதே சமயம், மாதக்கணக்கில் சம்பளம் வராத இளம் விரிவுரையாளரின் வீட்டில் அன்று இரவு என்ன பேசியிருப்பார்கள் என்றும் நினைத்துப் பார்க்கிறேன். பட்டினி கிடப்போம் என்று சொன்னவருக்கு நீதிபதிச் சம்பளம் வந்துகொண்டிருந்தது.

வேந்தரின் கடிதம்: 1923 மார்ச்

பதவிக்காலம் முடியும் தறுவாயில் ஆளுநர்–வேந்தர் கடிதம் எழுதினார். எதிர்ப்பை விட்டு அரசோடு முழுமனதுடன் ஒத்துழைப்பதாக உறுதி தந்தால் பதவியை நீட்டிக்கத் தயார் என்பது அதன் சாரம். 1923 மார்ச் 26 அன்று துணைவேந்தர் பதில் அனுப்பினார்: இழிவுபடுத்தும் இந்த வாய்ப்பை மறுக்கிறேன். கடிதங்கள் நாளிதழ்களில் வெளியாயின. ஏப்ரலில் வேறொருவர் பொறுப்பேற்றார். முகர்ஜி செனட்டில் தொடர்ந்தார். 1924 மே 25 அன்று பாட்னாவில், ஒரு வழக்குக்காகச் சென்ற இடத்தில், காலமானார்.

விளைவும், மாற்றியிருக்க வேண்டியவையும்

முதுகலைத் துறைகள் மூடப்படவில்லை. மெட்ரிகுலேஷன் தேர்வும் உடனே கைவிட்டுப் போகவில்லை; மேற்கு வங்காளத்தில் தனி இடைநிலைக் கல்வி வாரியம் வந்த 1951 வரை அது பல்கலைக்கழகத்திடமே இருந்தது. 1928 பிப்ரவரியில் பாலித் பேராசிரியர் ராமனின் ஒளிச்சிதறல் கண்டுபிடிப்பு வெளியாகி, 1930-இல் நோபல் பரிசு பெற்றது.

நான் அந்த நிர்வாகக் குழுவில் இருந்திருந்தால் எதற்கு வாதாடியிருப்பேன்? முதலாவது, கொடைப் பத்திரத்தில் கையெழுத்திடும் முன் ஆய்வுக்கூடத்தின் ஆண்டுச் செலவுக்கு வழி கேட்டிருப்பேன். இருக்கைக்கு மூலதனம் இருந்தது. எரிவாயு, கண்ணாடிக் குழாய், உதவியாளர் கூலி ஆகியவற்றுக்கு இல்லை. அடுத்து, பாட்னா பிரிந்த 1917-லேயே தேர்வுக் கட்டணம் இனி இறங்குமுகம் என்று தெரிந்திருக்க வேண்டும். அந்த ஆண்டுதான் சம்பளப் பொறுப்பு பெருமளவில் ஏறியது. மூன்றாவதாக, கணக்கை அரசு கேட்கும்வரை காத்திருக்காமல் பல்கலைக்கழகமே ஆண்டுதோறும் விரிவாக அச்சிட்டு மக்கள் முன் வைத்திருக்க வேண்டும். ஒழுங்கின்மையைச் சுட்டும் ஓர் அறிக்கை எதிராளியின் கையில் இருக்கும்போது உரிமைப் பேச்சின் கூர்மை மழுங்குகிறது.

முதுகலை விரிவுரையாளர்களில் பலருக்குக் குறுகிய காலப் பணிநியமனமே கிடைத்தது என்பதும் உறுத்துகிறது. ஆசிரியர்களின் தன்னாட்சி மன்றத்தில் உட்கார்ந்தவருக்கே வேலை நிலையில்லை. மேலும், கிழக்கு வங்காளத்து முஸ்லிம்கள் தங்களுக்குச் செனட்டில் உரிய இடமில்லை என்று சாட்லர் ஆணையத்தின் முன் முறையிட்டார்கள். மாகாணத்தின் பாதிக்கு மேற்பட்ட மக்களின் பிள்ளைகளும் பணம் கட்டிய ஒரு நிறுவனத்தின் நிர்வாகம், பெரும்பாலும் கல்கத்தாவின் படித்த இந்துக் குடும்பங்களின் கையிலேயே இருந்தது. வீடு வீடாகப் போய்க் கையேந்துவோம் என்று சொன்னபோது எத்தனை வீடுகளின் கதவு தங்களுக்குத் திறக்கும் என்று செனட் எண்ணிப் பார்த்ததா என்பது என் கேள்வி.

நெருக்கடியின் விலை இளம் ஆய்வாளர்கள் மேல் விழுந்தது. சத்யேந்திரநாத் போஸ் 1921-இல் டாக்காவுக்குப் போய்விட்டார். விண்மீன்களின் நிறமாலையைப் படிக்கும் முறையையே மாற்றிய சமன்பாட்டை 1920-இல் வெளியிட்ட மேகநாத் சாகா, ஐரோப்பாவில் பணியாற்றிவிட்டுக் கைரா பேராசிரியராகத் திரும்பினார். தன் கோட்பாட்டைச் சோதித்துப் பார்க்க ஆய்வுக்கூடம் கேட்டார். பணம் இல்லை. 1923-இல் அலகாபாத்துக்குப் புறப்பட்டார். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1938-இல், மேல் வட்டச் சாலை 92-ஆம் எண்ணுக்குப் பாலித் பேராசிரியராகத் திரும்பி வந்தார்.